மதியத்துக்குள் காணாமல் போகும் குளோரின்

வரங்கராவில் என்னிடம் வேதியியல் படிக்காத நாய்கூடக் கிடையாது. தனிம வரிசையை ஹைட்ரஜனில் தொடங்கி மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் ஆடு மேய்க்கும் நாய் ஒன்று இருந்தது. ஈயம் வரும்போது மட்டும் சற்றுத் தடுமாறும். சரி, மிகைதான். ஒப்பித்தது நாயில்லை, நாயின் முதலாளி. அவனும் சோடியத்தோடு நிறுத்திக்கொண்டான். ஆனால் இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் தலை நரைக்கும்வரை அறிவியல் நடத்தியவள் என்ற உரிமையில் ஒன்றை மட்டும் சத்தியம் செய்து சொல்வேன். இந்தக் கரிசல் சமவெளியில் வாழ்ந்த மனிதர்களில் வேதியியலுக்கு அதிக அவமானம் தேடித் தந்தவன் நெவில் கட்மோர். அவன் என் மாணவன் இல்லை. அந்த ஒரு பாவத்தைக் கடவுள் என் தலையில் கட்டவில்லை.

இதை நான் எழுதும்போது சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பட்டாணி உரிப்பவள் வெல்மா, நெவிலின் மனைவி. அவன் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. எழுதுவதை அவளுக்கு அவ்வப்போது படித்துக் காட்டுகிறேன். செத்தவனைத் திட்டலாமா என்று முதலிலேயே அனுமதி கேட்டுவிட்டேன்.

"தாராளமா திட்டுடி இஸ்மே," என்றாள். "அவன் உசிரோட இருந்தப்ப நான் திட்டாத திட்டா? மிச்சம் மீதி ஏதாவது இருந்தா நீ எடுத்துக்கோ."

நெவில் எங்கள் ஊர்க்காரன் இல்லை. கடற்கரைப் பக்கத்திலிருந்து நீச்சல் குளத்துக்குக் கண்காணிப்பாளனாக வந்தவன். குள வாசலிலேயே கவுன்சில் கொடுத்த சின்ன வீடு. வேலை இருக்கும்வரை வீடும் இருக்கும். வெள்ளைக் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டு, கழுத்தில் விசிலோடு, தண்ணீரை ஏதோ தானே கண்டுபிடித்தது போலக் குளத்தைச் சுற்றி வருவான். அந்த விசிலைக் கழற்றிவிட்டுத்தான் தூங்குகிறானா என்று ஊரே கேட்டது. இல்லையாம். வெல்மா சொல்லியிருக்கிறாள். கனவிலும் யாரோ ஓடியிருக்க வேண்டும், விடியுமுன் ஒருதரம் ஊதிவிட்டான்.

ஓடாதே, தள்ளாதே, குதிக்காதே, ஈரக் காலோடு தின்பண்டக் கடைக்குள் வராதே என்று சுவரெல்லாம் பலகை. மிஞ்சியது மூழ்குவது ஒன்றுதான். அதற்கும் அவனிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வார்கள்.

இவ்வளவையும் மன்னிக்கலாம். என்னால் மன்னிக்க முடியாதது அவன் வேதியியல் பேசியது. முன்னாள் படைவீரர் சங்க மதுக்கூடத்தில் பீர் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, "ஹாலஜன்..." என்று தொடங்குவான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வரும்போது, கல்யாண விருந்தில் பன்றி நுழைந்த மாதிரி எனக்கு இருக்கும்.

அந்த ஹாலஜன் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இவன் செய்த காரியம் விளங்கும். உப்பை உண்டாக்கும் அண்ணன் தம்பிகள் அவர்கள். எல்லோருக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான் குறை; அதைப் பிடுங்குவதுதான் பிறவிப் பயன். மூத்தவன் புளோரின், ஆள் சிறியவன், பிடி பொல்லாதது. அடுத்தவன் குளோரின், பச்சை மஞ்சள் வாயு. மூன்றாமவன் புரோமின், செம்பழுப்புத் திரவம். நான்காமவன் அயோடின், கறுத்த திடப்பொருள். சூடுபட்டால் ஊதா ஆவியாக எழுவான். கீழே போகப் போக உடம்பு பெருக்கும், நிறம் கறுக்கும், பிடி தளரும். ஐந்தாவதாக ஒருத்தன் உண்டு. பிறந்ததுமே சிதைந்துவிடுவான், அவனை விடுங்கள். சட்டம் ஒன்றுதான்: மூத்தவன் இளையவன் கையில் இருப்பதைப் பிடுங்குவான், இளையவனால் மூத்தவனிடம் பிடுங்க முடியாது. சொத்துள்ள எந்தக் குடும்பத்தைப் பார்த்தாலும் புரியும்.

எண்பதுகளில் அந்தப் பெரிய வறட்சி வந்தது. ஆறு குட்டை குட்டையாக அறுந்து கிடந்தது. கங்காருக்கள் அஞ்சலகத்துக்குள் வந்து வரிசையில் நின்றன. வெல்மா தலையை ஆட்டுகிறாள். சரி, வாசல் வரைக்கும்தான் வந்தன. வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு வாளி விட்டாலும் அண்டை வீட்டுக்காரன் கவுன்சிலுக்குப் போன் போடுவான். ஊரில் ஈரமாக மிஞ்சியது குளம் ஒன்றுதான். பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே, செம்மறி முடி வெட்டும் ஆட்கள் அங்கே, கைக்குழந்தைக்காரிகள் நிழல்வலைக்குக் கீழே. அந்தக் கோடையில் குளத்தை எடுத்துவிட்டால் ஊரில் ஈயும் வெயிலும்தான்.

கோடையில் வரும் எங்கள் கிறிஸ்துமஸுக்கு முன் குளத்தின் நிழல் பக்கச் சுவரில் மஞ்சள் தூசிபோல் ஒரு பாசி பிடித்தது. தேய்த்தால் போகும், மறுநாள் திரும்பி வந்து உட்காரும். குளோரினுக்கு எளிதில் மசியாத ரகம். பொறுமையாகத் தேய்த்துக்கொண்டே, கொஞ்சம் கூடுதல் குளோரினும் போட்டிருந்தால் பத்து நாளில் ஒழிந்திருக்கும். ஆனால் பொறுமைக்கு விசில் ஊத முடியாதே. வேன் ஓட்டி வந்த விற்பனையாள் ஒருத்தன் மஞ்சள் டப்பாவில் ஒரு பொடியை இவன் தலையில் கட்டினான். சோடியம் புரோமைடு. கூரைக்குக் கீழே இருக்கும் வெந்நீர்த் தொட்டிகளுக்கு ஆகிவந்த சரக்கு. திறந்தவெளிக் குளத்துக்கு ஒரு சிட்டிகை போதும், அதுவும் யோசித்துப் போட வேண்டும். நெவில் வாங்கிய டப்பாக்களையெல்லாம் குளத்தில் கவிழ்த்தான்.

பாசி செத்தது. அன்று மாலை மதுக்கூடத்தில் இவன் காலுறை இன்னும் ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

"டீச்சரம்மா," என்று என்னைக் கூப்பிட்டான், "உங்க புஸ்தகத்துல இது இருக்கா? குளோரின்னா ஒத்தை மாட்டு வண்டி. நான் புரோமினையும் சேத்துக் கட்டிட்டேன். ரெட்டை மாடு! ஒரே குடும்பம்தானே, ஒத்துமையா இழுக்கும்."

"ஒரே குடும்பமா? உங்க தம்பியும் நீங்களும் கடைசியா எப்பப் பேசிக்கிட்டீங்க நெவில்?"

மேசையே சிரித்தது. அவனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல்.

ஒரு வாரத்தில் வினை தொடங்கியது. காலையில் குளோரின் போடுவான். சோதனை மாத்திரையைக் குழாயில் போட்டால் தண்ணீர் அழகாக இளஞ்சிவப்பாகும். மதியம் போட்டால் வெறும் தண்ணீர், ஒரு சாயமும் கிடையாது. இன்னும் கொட்டுவான், அதுவும் போய்விடும். டிரம் டிரம்மாகக் கொட்டினான். காலையில் மணக்கும் குளம், மதியம் குட்டை.

இவன் கண்டுபிடித்த காரணங்களைக் கேளுங்கள். முதலில் பிள்ளைகள் தண்ணீரில் ஒன்றுக்குப் போகிறார்கள் என்றான். ஒவ்வொருத்தனையும் கரையேற்றிக் கழிவறைக்கு அணிவகுத்து அனுப்பினான். அடுத்து வெயில் பூச்சுத் தைலம். பிறகு கலா என்ற இளஞ்சிவப்புக் கிளிகள்: மேலே பறக்கும்போது வேண்டுமென்றே குளத்தில் குறிவைத்து எச்சமிடுகின்றனவாம். கடைசியில் டிரம் விற்றவன் தண்ணீர் கலந்துவிட்டான் என்று தொலைபேசியில் கத்தினான். எல்லோரும் குற்றவாளி, பொடியைக் கொட்டிய கை மட்டும் பரிசுத்தம்.

பெரிய ஊரிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்தார். நட்ட நடு மதியத்தில் சோதித்தார். சாயமில்லை. "குதிரைப் பந்தய வாரம் முடிஞ்ச திங்கள்கிழமை திரும்பி வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா குளத்தை இந்தக் கோடை முழுக்க மூடிருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். குளத்தை மூடினால் கண்காணிக்க என்ன இருக்கிறது? வேலை போகும், கூடவே வாசல் வீடும் போகும். முதல் தடவையாக நெவில் விசில் இல்லாமல் தெருவில் நடந்ததைப் பார்த்தேன்.

எனக்கு இவன்மேல் இரக்கம் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் வட்டார நீச்சல் போட்டி எங்கள் குளத்தில் நடப்பதாக இருந்தது, அது பக்கத்து ஊர் மிண்டலோக்காரர்கள் கைக்குப் போய்விடுமே என்ற வயிற்றெரிச்சல்தான். மூன்று வாளிகளை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன்.

முதல் வாளியில் குளத்துத் தண்ணீர், இரண்டாவதில் குழாய்த் தண்ணீர், இரண்டையும் வெயிலில் வைத்தேன். மூன்றாவதில் மறுபடி குளத்துத் தண்ணீர், அதைப் பம்பு அறைக்குள் இருட்டில் வைத்தேன். மூன்றிலும் ஒரே அளவு குளோரின். வெயில் குளோரினைத் தின்னாமல் காக்கும் தூள் ஒன்று உண்டு, குளத்துக்காரர்கள் எல்லோரும் போடுவது; அது குளத்துத் தண்ணீரில் ஏற்கெனவே இருந்ததால் குழாய்த் தண்ணீரிலும் அதே அளவு கலந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றையும் சோதித்தோம். குழாய்த் தண்ணீர் இளஞ்சிவப்பு. இருட்டில் வைத்த குளத்துத் தண்ணீரும் இளஞ்சிவப்பு. வெயிலில் இருந்த குளத்துத் தண்ணீர் மட்டும் வெறும் தண்ணீர்.

"பாத்தீங்களா, ஒண்ணுக்கு!" என்றான் நெவில் வெற்றியோடு.

"ஒண்ணுக்குன்னா இருட்டுலயும்தானே குளோரினைத் தின்னிருக்கணும்? இருட்டுல பொழைக்குது, வெயில்ல சாகுது. அது என்னன்னு யோசிங்க."

"அப்ப வெயில்."

"வெயில்தான் இந்த வாளி மேலயும் அடிச்சுது. குழாத் தண்ணிக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவன் வாளிகளை மாறி மாறிப் பார்த்தான். மூளை வேலை செய்யும்போது அவன் காது அசையும். அன்று ஒன்றும் அசையவில்லை. நானே சொன்னேன்.

"குளத்துல குளோரினே இல்ல, நெவில். நீங்க கொட்டுற குளோரின் உள்ள போனதும் புரோமைடு கையில இருக்கறதைப் பிடுங்கிக்கிட்டு, உப்பாகி, காலை நீட்டிப் படுத்துக்குது. பறிகொடுத்தவன் வெறுங்கையோட புரோமினா வெளிய வந்து வேலை பாக்கறான். சோதனை மாத்திரைக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான், இளஞ்சிவப்பு காட்டிரும். ஆனா உங்க வெயில்காப்புத் தூள் குளோரினுக்கு மட்டும்தான் குடை பிடிக்கும். புரோமினுக்குப் பிடிக்காது. வெயில் ஏறினதும் அவன் காலி. திரும்பப் புரோமைடா மாறி அடியில உக்காந்துக்கிட்டு, அடுத்த டிரம் எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருக்கான்."

"சரி, அந்தப் புரோமைடை எடுக்கறதுக்கு என்ன போடணும்?"

இதுதான் நெவில். கொட்டியதால் வந்த வினைக்கும் கொட்டித்தான் மருந்து.

"ஒண்ணும் போட முடியாது. மேல இருக்கற புளோரினைக் கொண்டுவந்து விட்டாலும் புரோமைடு போகாது, குளம்தான் போகும், நீங்களும் போவீங்க. தண்ணியை மொத்தமா வெளிய விட்டுட்டு, புதுசா நிரப்பணும். வேற வழியே கிடையாது."

மொத்தமாகத் தண்ணீரை வெளியே விடுவது. அந்த வறட்சியில். அவன் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான், வெள்ளைக் காலுறை நனைந்ததுகூடத் தெரியாமல்.

கவுன்சில் கூட்டத்துக்கு நானும் போனேன். தலைவர் கீத் ஹாலரன் மாட்டுப் பண்ணைக்காரர், கோபம் வந்தால் மீசை மட்டும் சிவக்கும் ஆள். நெவில் எழுந்து நின்று, "தண்ணி பழசாயிருச்சு, மாத்தணும்," என்றான். புரோமைடு என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. பழசாம்! தண்ணீர் என்ன ரொட்டியா பழசாக?

"என் மாடு சேத்தை நக்குது," என்றார் ஹாலரன். "நீ குளத்துத் தண்ணியைத் தெருவுல விடணும்ங்கற? ஒரு சொட்டு வெளிய போனா நீயும் கூடவே வெளிய போயிருவ."

கவுன்சில் பொறியாளரும் சேர்ந்துகொண்டார். கரிசல் மண்ணில் கட்டிய தொட்டி தண்ணீரோடு நிற்கும்வரைதான் தொட்டி. காலியாக வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் மண் சுருங்கிச் சுவர் பிளந்துவிடும், ஆகவே வடிக்கிற பேச்சே வேண்டாம் என்றார்.

பிறகு ஹாலரன் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு நெவ். வறட்சியினால மூடிட்டோம்னு நாங்களே பலகை போட்டுடறோம். உன் மேல குத்தம் வராது. தண்ணி அப்படியே கிடக்கட்டும், நீ காவல் இரு. சம்பளமும் வரும், வீடும் இருக்கும். அடுத்த வருஷம் மழை வந்தாப் பாத்துக்கலாம். என்ன சொல்ற?"

நெவில் எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினான். என் கையையும். அந்தக் கையை வீட்டுக்குப் போய்ச் சோப்பு போட்டுக் கழுவினேன். ஊர்ப் பிள்ளைகளின் கோடையை விற்று வாசல் வீட்டை வாங்கிக்கொண்டான், அதற்கு நன்றி வேறு!

படித்துக் காட்டினேன். வெல்மா பட்டாணியை நிறுத்தவில்லை. "ம்," என்றாள்.

பந்தய வாரம் வந்தது. எங்கள் ஊர்க் குதிரைப் பந்தயம் இரண்டு நாள், ஊருக்கு வெளியே புழுதித் திடலில். கூடாரம், பீர், இறைச்சி அடைத்த அப்பம், பெண்கள் தலையில் தொப்பி, தொப்பிமேல் ஈ. ஊருக்குள் ஒரு கடை திறந்திருக்காது. காவலர்கூடத் திடலில்தான் இருப்பார். நெவில் வரவில்லை. காவல் காக்கிறானாம். ஊரே வெளியே கிடக்கும்போது பழைய தண்ணீரை யார் திருடப்போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் திரும்பி வந்தால், குளத்துக்குப் பின்னால் இருக்கும் கால்பந்துத் திடல் சதுப்பாகக் கிடக்கிறது. வாத்துகள் வந்து குடியேறியிருந்தன. முட்டையும் இட்டுவிட்டன என்று சொன்னால் வெல்மா ஒப்புக்கொள்ள மாட்டாள், ஆகவே விட்டுவிடுகிறேன். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். குளம் காலி. அடியில் நீல வண்ணம், யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு, முடிக்கொக்கிகள். பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது, வடிகட்டியைக் கழுவும் வால்வு முழுக்கத் திறந்து கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் துணி நாற்காலியில் நெவில், முகத்தின்மேல் தொப்பி, நல்ல குறட்டை.

ஹாலரன் நாற்காலியை எட்டி உதைத்தார்.

"என்னய்யா இது?"

நெவில் தொப்பியை எடுத்துவிட்டுக் குளத்தைப் பார்த்தான். "வடிகட்டியைக் கழுவலாம்னு திறந்தேன்," என்றான். "கண்ணு அசந்துட்டேன் போல."

ஹாலரன் மீசை சிவந்து நான் பார்த்தது அன்றுதான். அங்கேயே, தொப்பிக்காரப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், வேலையிலிருந்து நீக்கினார். வாரக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். பொறியாளர் தொட்டியின் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, உடனே நிரப்பாவிட்டால் குளமே கிடையாது என்றார். ஹாலரன் பற்களைக் கடித்தபடி, ஊர்க் குடிநீருக்கென்று காத்து வைத்திருந்த ஆற்றுத் தேக்கத்திலிருந்து குழாய் போடச் சொன்னார். வேறு என்ன செய்வார்? குளத்தைப் பிளக்க விட்டவர் என்று அடுத்த தேர்தலில் யார் கேட்காவிட்டாலும் அவர் மனைவி கேட்டிருப்பாள்.

திங்கள்கிழமை ஆய்வாளர் வந்தார். குளம் நிரம்பிக்கொண்டிருந்ததால் அந்த வாரக் கடைசிக்குத் தள்ளிவைத்தார். புதுத் தண்ணீரில் குளோரினும் தூளும் போட்டது நான்தான். நட்ட நடு மதியத்தில் ஆய்வாளர் மாத்திரையைப் போட்டார். பளிச்சென்று இளஞ்சிவப்பு. குளோரின் குளோரினாகவே நின்றது. பிள்ளைகள் குதித்தார்கள், விசில் ஊத ஆளில்லை. நீச்சல் போட்டி எங்கள் குளத்திலேயே நடந்தது. மிண்டலோக்காரர்கள் வந்து தோற்றுவிட்டு எங்கள் ஸ்கோன் ரொட்டிகளையும் குறை சொல்லிப் போனார்கள்.

நெவிலும் வெல்மாவும் அவள் அண்ணன் கொல்லையில் சக்கரம் வைத்த ஒரு வண்டி வீட்டுக்குள் போய் ஒடுங்கினார்கள். கம்பளிக் கிடங்கில் மூட்டை தைத்தான், பந்தயத் திடலில் குப்பை பொறுக்கினான். மதுக்கூடத்துக்குள் நுழைந்தால் யாராவது ஒருத்தன் குறட்டை விடுவான், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நானும் ஒருமுறை விட்டிருக்கிறேன். என் குறட்டைதான் நன்றாக இருந்தது என்றார்கள். ஹாலஜன் என்ற சொல் மட்டும் அதற்குப் பிறகு அவன் வாயில் வரவே இல்லை, அந்த அளவுக்கு வேதியியல் தப்பித்தது. வாழ்நாள் முழுக்க விழித்திருந்து தப்பாகவே செய்த மனிதன் அவன். செய்த ஒரே சரியான காரியத்தையும் தூங்கிக்கொண்டே செய்தான்.

இந்தக் கடைசி வரியைச் சற்று ராகமாகவே படித்துக் காட்டினேன். எனக்குப் பிடித்த வரி.

வெல்மா கையிலிருந்த பட்டாணித் தோலைக் கீழே வைத்தாள்.

"தூங்கல," என்றாள்.

"என்னது?"

"அவன் தூங்கலடி. முத நாள் காலையில நீங்கள்லாம் தொப்பியை மாட்டிக்கிட்டுக் கிளம்பினீங்கல்ல, அப்பவே வால்வைத் திறந்தான். ரெண்டு நாளும் அந்த நாற்காலியில உக்காந்து தண்ணி இறங்கறதைப் பாத்துக்கிட்டே இருந்தான், கண்ணை மூடல. நான்தான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன், சட்டி பானையெல்லாம் கட்டி வச்சேன். உங்க கார்ச் சத்தம் கேட்டப்பறம்தான் தொப்பியை எடுத்து மூஞ்சியில போட்டுக்கிட்டான்."